முப்பது வருடத்துக்கு மேல் எழுதிய புத்தகம்

கார்டன் பிராங்கே தன் புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை. 1980 மே மாதம் இறந்துபோனார். ‘அட் டான் வீ ஸ்லெப்ட்’ அடுத்த வருடம் வந்தது. ஹவாயில் ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் இன்றுவரை அதைப் படிக்காமல் தப்ப முடியாது.

பிராங்கே மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். போர் முடிந்ததும் தோக்கியோவில் அமெரிக்க ஜெனரல் மெக்கார்தரின் தலைமையகத்தில் வரலாற்றுப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். 1941 டிசம்பர் 7 காலையில் 2,400 பேரைப் பறிகொடுத்த அமெரிக்கா, தன் தளபதிகளில் யார் தூங்கினார்கள் என்று கமிஷன் மேல் கமிஷனாக வைத்து விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிராங்கே நேரே அடித்த ஜப்பானியர்களிடமே போய், எப்படி அடித்தீர்கள் என்று கேட்டார். புத்தகம் பிறந்தது அங்கேதான்.

திட்டத்தின் மூளையான யாமமோட்டோவும், கப்பல்களை நடத்திப் போன நகுமோவும் போரிலேயே செத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர்: விமானத் தாக்குதலை வகுத்த கெண்டா, முன்னால் பறந்து நடத்திய ஃபுச்சிடா. இருவரையும் திரும்பத் திரும்பச் சந்தித்தார். பேர்ல் ஹார்பர் துறைமுகத்தின் ஆழம் சுமார் 12 மீட்டர்தான். விமானத்திலிருந்து போடும் டார்பிடோ சேற்றில் குத்தி நின்றுவிடும். அதற்கு மரத் துடுப்பு பொருத்தி, ககோஷிமா விரிகுடாவில் தாழப் பறந்து பழகினார்கள். இப்படிப்பட்ட சங்கதிகளைச் செய்தவன் வாயிலிருந்துதான் வாங்க முடியும். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தெரிந்தே விட்டுவிட்டார் என்ற சதிக்கதையை பிராங்கே ஏற்கவில்லை. வாஷிங்டனிலும் ஹவாயிலுமாகப் பலர் செய்த தவறுகள் சேர்ந்துதான் இது நடந்தது என்றார்.

ஆனால் முடிக்க மனம் வரவில்லை. கையெழுத்துப் பிரதி ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு வளர்ந்தது. அவர் திரட்டியதை வைத்து ‘டோரா! டோரா! டோரா!’ என்று 1970-இல் சினிமாவே வந்துவிட்டது, இந்தப் புத்தகம் வரவில்லை. கடைசியில் அவருடைய மாணவர் கோல்ட்ஸ்டீனும் கேத்தரின் டில்லனும் வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள். போதும் என்று நிறுத்தத் தெரியாததும் ஆராய்ச்சியாளனுக்கு ஒரு குறைதான்.

திண்டுக்கல்லில் உட்கார்ந்து இதை ஏன் எழுத வேண்டும்? அதே ஃபுச்சிடாதான் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மேல் ஜப்பானிய விமானங்களை நடத்தி வந்தவர். நான்கு நாளில் திருகோணமலை. இடையில், ஏப்ரல் 6-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்து விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது நாம்தான் என்று சென்னை பாதி காலியானது. கிடைத்த ரயிலில் ஏறி கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடினார்கள். தெற்கே மதுரைக்குப் போகும் பாதை திருச்சி, திண்டுக்கல் வழியாகத்தான். கடலே இல்லாத சமவெளிக்கு கடல்போர் இப்படித்தான் வந்திருக்க முடியும்.

அன்று எட்டு வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பாட்டி, தாத்தா இருந்தால் போய்க் கேளுங்கள்: யார் வந்தார்கள், எத்தனை மாதம் தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள். தேதியோடு எழுதி வையுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.