அழுத்தத்தில் எரிந்த நிலக்கரியும் கணக்கில் வராத வாயுவும்

நிலக்கரி எரிதலில் தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரலாறு பெரிதும் வெப்பநிலையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்தோவிச் 1940களில் விளக்கியவாறு, காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனுடன் இணைய மிக உயர்ந்த வெப்பம் தேவை. இவ்வினையில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாமையால், அழுத்தத்தைக் கூட்டினாலும் அதன் சமநிலை பெயர்வதில்லை. அழுத்தத்தின் விளைவு வெளிப்பட்டது நிலக்கரிக்குள்ளேயே பொதிந்திருக்கும் நைட்ரஜனில்தான்.

அதற்குக் களமானது அழுத்தப் பாய்மப் படுகை உலை. கீழிருந்து செலுத்தப்படும் காற்றில் நிலக்கரித் துகள்களும் சுண்ணாம்புக்கல்லும் கொதிநீர்போல் கொந்தளிக்க, ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் எரிதல் நிகழும். பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் நிதியில் யார்க்சயரின் கிரைம்தோர்ப்பில் 1980களில் சோதனைகள் நடந்தன. ஒகாயோவின் டிட் நிலையம் (70 மெகாவாட்) 1991 முதல் 1995 வரை ஏறத்தாழ 12 வளிமண்டல அழுத்தத்தில் இயங்கியது. அழுத்தம் உயர்கையில் நைட்ரிக் ஆக்சைடு குறைவது இவ்வகை உலைகளில் காணப்பட்டது. கரித்துண்டின் நுண்துளைகளிலிருந்து வாயு வெளியேறுவது தாமதப்பட, உருவான நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதி கரியின் பரப்பிலேயே மீண்டும் நைட்ரஜனாக ஒடுங்குவது இதற்கு முதன்மையான விளக்கம்.

இவ்வெற்றி எந்த வாயுவைக் கணக்கிட்டுப் பெறப்பட்டது என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நைட்ரஜன் ஆக்சைடுகள் எனக் குறித்தவை நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மட்டுமே. பசுங்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு அப்பட்டியலுக்கு வெளியே நின்றது. அதன் அளவீடும் குழப்பமாயிருந்தது. மாதிரிக் கலன்களில் நீர், கந்தக டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு ஆகியவை சேர்ந்திருக்கும்போது சில மணி நேரத்திலேயே நைட்ரஸ் ஆக்சைடு புதிதாகத் தோன்றுகிறது என முசியோவும் கிராம்லிக்கும் 1988இல் காட்டினர். அதுவரை வெளியான பல அளவுகள், உலை உமிழ்ந்ததையன்றிக் கலன் உண்டாக்கியதையே கூறின. திருத்திய அளவீட்டில் தூள்நிலக்கரி உலைகள் குற்றத்திலிருந்து விடுபட்டன. தாழ்வெப்பப் பாய்மப் படுகைகளோ பத்து இலட்சத்தில் பல பத்துப் பங்குகள் வெளியிடுவது உறுதியாயிற்று. நற்பெயர் தந்த குறைந்த வெப்பமே இவ்வாயுவைச் சிதையாமல் காத்தது. அழுத்தத்தால் இவ்வாயுவுக்கு நேரும் மாற்றம் சோதனைகளில் ஒருசீராக அமையவில்லை. நைட்ரஸ் ஆக்சைடையும் உள்ளடக்கிய கியோட்டோ நெறிமுறை 1997இல் உருவானபோது டிட் நிலையம் மூடப்பட்டுவிட்டது.

படுகையின் வெப்பத்தைக் கூட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு குறையும். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு ஏறும்; சாம்பல் இளகிக் கட்டிபட்டுப் படுகையையே முடக்கவும் கூடும்.