தனித் தட்டும் தனி டம்ளரும்

ராயப்பன்பட்டியில் எங்க பாட்டி வீட்டு அடுப்படி மாடத்தில் ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் தனியா இருக்கும். பாட்டியோட தம்பி டி.பி.யில் சாகும்வரை சாப்பிட்டது அதில்தான். அவர் போய்ப் பல வருஷம் கழிச்சும் எங்களைத் தொட விடமாட்டாங்க. அந்தப் பயம் சரிதானா என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

நுரையீரல் தானாக விரிவதில்லை. உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் உயரும்போது மார்புக்கூடு பெரிதாகிறது. நுரையீரலைச் சுற்றிய இரட்டை உறைக்கு நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் நுரையீரலும் கூடவே விரிகிறது. மருந்து இல்லாத காலத்தில் டாக்டர்கள் ஊசி வழியாக அந்த இடைவெளியில் காற்றைச் செலுத்தினார்கள். நுரையீரல் சுருங்கி ஓய்வெடுத்தால் புண் ஆறும் என்பது கணக்கு.

மற்றபடி ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று. அதற்காகத்தான் சானடோரியங்கள். டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. 193 ஏழை நோயாளிகளில் சிலரை சானடோரியத்துக்கும் சிலரை வீட்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். வீட்டுக்காரர்களுக்கு நெரிசலான குடிசை, சுமாரான சாப்பாடு. இருந்தும் 1959-ல் வெளியான முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். காற்றும் ஓய்வும் அல்ல, மாத்திரைதான் வேலை செய்தது.

அடுத்த முடிவு எனக்கு இன்னும் முக்கியம். கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. மருந்து தொடங்கும் முன் இருமலில் பறந்ததுதான் பெரிய ஆபத்து. ஈரம் உலர்ந்து காற்றில் மிதக்கும் நுண்துகள் மட்டுமே கிருமியை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை கொண்டுபோகும். தட்டும் டம்ளரும் அதைச் செய்யாது.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப தட்டுல ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசிவரைக்கும் திண்ணையிலதான் சாப்பிட்டான்டா" என்றார்.