ஊவாத் தேயிலையும் மாறும் ஐரோப்பாவும்: சுருங்கிய ஒரு சட்டத்தின் கதை

2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், தானே இயற்றிய ஒரு சட்டத்தின் கைகால்களை வெட்டிக் குறைத்துக்கொண்டது. நிறுவனங்களின் உரிய கவனம் பற்றிய சட்டம் அது. பெயர் சிக்கலாக இருந்தாலும் விடயம் எளிது. ஐரோப்பாவில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனம், தான் விற்கும் பொருள் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும், அதை உருவாக்கிய தொழிலாளியின் உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மீறப்பட்டால் திருத்த வேண்டும். தவறினால் பதில் சொல்ல வேண்டும்.

பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழவில்லை. எழும் நிலையிலும் மக்கள் இல்லை. நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் புரட்டிப்போட்டிருந்தது. ஆனாலும் பிரசல்ஸில் நடந்தது நமக்குத் தொடர்பில்லாத விடயமல்ல. ஊவாவின் தோட்டங்களே ஐரோப்பாவில் நடந்த மாற்றங்களால் உருவானவை. அங்கே நடக்கும் ஒவ்வொரு திருப்பமும் சற்றுத் தாமதமாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

தோட்டம் போனது, பெயர் தங்கியது

1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்தன. 1890இல் கிளாஸ்கோவின் மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களைத் தவிர்த்து, தன் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடைகளிலேயே பொட்டலம் கட்டி, பிரித்தானியாவின் உழைக்கும் வர்க்கம் வாங்கக்கூடிய விலையில் விற்றார். ஆலைத் தொழிலாளியின் மலிவான தேநீருக்குப் பின்னால், தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் அதைவிட மலிவான உழைப்பு இருந்தது. உலகமயமாக்கல் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊவா அதற்குள் இருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1948இல் இம்மக்களின் குடியுரிமை பறிபோனது. 1975இல் பிரித்தானியக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் தோட்ட முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. இதே காலத்தில் ஐரோப்பாவின் அடுக்களையும் மாறியது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. அங்கே தேயிலைப் பைகள் பெருகின. பைக்குள் போட ஊவாவின் முறுக்கிய இலை தேவையில்லை. விரைவில் சாயம் இறங்கும் கென்யத் தூள் போதும். 1679இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டது. இன்று இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் வரிசையில் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளே நிற்கின்றன.

அப்படியானால் ஐரோப்பா நமக்கு இனி எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வரண்ட காற்று மலை இடுக்குகளைத் தாண்டி ஊவாவுக்குள் வீசும்போது கிடைக்கும் பருவகாலத் தேயிலைக்கு, ஜப்பானோடு ஜேர்மனியும் நெடுங்கால வாடிக்கையாளர். மற்றது, தேயிலை எங்கே குடிக்கப்பட்டாலும் அதன் பெரிய வணிகப் பெயர்கள் பல இன்னும் ஐரோப்பிய முதலீட்டாளர்களின் கையில் இருக்கின்றன.

லிப்டனையே பாருங்கள். அந்தப் பெயர் காலப்போக்கில் யுனிலீவரிடம் போனது. யுனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை சுமார் 450 கோடி யூரோவுக்கு சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க 2021இல் இணங்கியது. 2022 ஜூலையில் கைமாற்றம் முடிந்தது. புதிய உரிமையாளர்கள் கிழக்கு ஆபிரிக்காவில் இருந்த தோட்டங்களையும் வைத்துக்கொள்ளவில்லை. அவற்றை விற்பதாக 2024இல் அறிவித்தார்கள். வாங்க முன்வந்தது கொழும்பின் பிரவுன்ஸ் நிறுவனம்! ஒரு காலத்தில் ஐரோப்பியர் இங்கே துரைமாராக இருந்தார்கள். இன்று ஐரோப்பிய மூலதனம் தோட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறது. லயன் காம்பராவும் கூலியும் மலசலகூடமும் வேறொருவரின் பிரச்சினையாகின்றன.

மனச்சாட்சிக்கு ஒரு சட்டம்

இந்த விலகலுக்கு எதிர்வினையாகத்தான் ஐரோப்பாவில் புதிய சட்டங்கள் பிறந்தன. 2013இல் பங்களாதேஷின் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் ஐரோப்பியக் கடைகளின் துணிப்பட்டிகள் கிடந்தன. 2017இல் பிரான்ஸ் முதலில் சட்டம் இயற்றியது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2023 ஜனவரியில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், மறு வருடம் 1,000 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது.

ஜேர்மன் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் வேறு நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டின் அதிகாரசபையிடம் முறையிடலாம். 2023 நவம்பரில் ஒக்ஸ்ஃபாம் அமைப்பு, எக்குவடோர், கொஸ்டாரிக்கா நாடுகளின் வாழை, அன்னாசித் தோட்டங்களில் நடக்கும் உரிமை மீறல்களை வைத்து, ஜேர்மனியின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனங்கள் மீது இப்படி முறையிட்டது. வாழைத் தோட்டத்துக்குச் செய்ததைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செய்ய முடியாதா என்ன? மலையகத் தொழிற்சங்கங்கள் இந்தக் கதவை இன்னும் தட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இந்த வழியை 27 நாடுகளுக்கும் பொதுவாக்க இருந்தது. 1,000 தொழிலாளர், 45 கோடி யூரோ வருட விற்பனை என்ற எல்லையைத் தாண்டிய நிறுவனங்களை அது கட்டுப்படுத்தும் என்றார்கள். சட்டம் அந்த வருடம் ஜூலையில் அமுலுக்கு வந்தது. ஆனால் அதற்கு முந்திய மாதமே ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது.

காற்று திசை மாறியது

அந்தத் தேர்தலில் வலதுசாரிகளும் கடும் வலதுசாரிகளும் பலம் பெற்றார்கள். 2025 பெப்ரவரியில் ஜேர்மனியில் குடிவரவுக்கு எதிரான ஏ.எப்.டி. கட்சி 20 வீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2016இல் பிரித்தானிய மக்கள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபோது வெளிப்பட்டதும் இதே மனநிலைதான். தொழிற்சாலை மூடப்பட்ட நகரம், ஏறாத சம்பளம், உக்ரைன் போரோடு ஏறிய எரிபொருள் விலை, புதிதாக வந்து குடியேறுபவர் மீது பயம். உலகமயமாக்கல் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று அங்குள்ள தொழிலாளி நினைக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

போட்டித்திறன் என்ற சொல் பிரசல்ஸில் மந்திரமாகியது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு 'எளிமைப்படுத்தல்' யோசனையை முன்வைத்தது. நவம்பரில் பாராளுமன்றத்தில் மைய வலதுசாரிகள் கடும் வலதுசாரிகளின் வாக்கோடு அதை மேலும் இறுக்கினார்கள். டிசம்பர் உடன்பாட்டின்படி, 5,000 தொழிலாளரும் 150 கோடி யூரோ விற்பனையும் கொண்ட நிறுவனங்களுக்கு மட்டுமே இனி இந்தக் கடமை. அதுவும் 2029 ஜூலை முதல். பாதிக்கப்பட்டவர் நட்டஈடு கேட்பதற்கு ஒன்றியம் முழுவதற்கும் இருந்திருக்க வேண்டிய பொது ஏற்பாடு நீக்கப்பட்டது. நடுத்தர அளவிலான தேயிலை இறக்குமதியாளர் யாரும் இந்த வலையில் சிக்கப்போவதில்லை.

ஐரோப்பாவிடம் இருக்கும் இன்னொரு கயிறு ஜீ.எஸ்.பி. பிளஸ். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தச் சலுகையால் தேயிலைக்குப் பெரிய இலாபம் இல்லை. கறுப்புத் தேயிலைக்கு ஒன்றியத்தில் ஏற்கெனவே இறக்குமதித் தீர்வை கிடையாது. இலாபம் ஆடைத் துறைக்கு. ஆனால் கட்டுநாயக்கவிலும் வேறு இடங்களிலும் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர்களில் ஊவாத் தோட்டங்களின் பிள்ளைகளும் உண்டு. அம்மா கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போக, மகள் காமன்ட் பஸ்ஸில் ஏறுகிறாள். 2010 ஓகஸ்ட்டில் மனித உரிமைக் காரணங்களால் சலுகை பறிபோனபோதும், 2017 மேயில் திரும்பி வந்தபோதும், இந்த லயன் வீடுகளின் வரவு செலவும் அதில் மாட்டியிருந்தது.

சலுகைக்கு ஈடாக இலங்கை 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடக்க வேண்டும். கூட்டுப் பேரம் பேசும் உரிமையும் அவற்றுள் அடக்கம். இங்கே நடந்தது என்ன? 2021இல் சம்பளச் சபை மூலம் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்ததோடு கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து சம்பளம் வர்த்தமானியிலும் தேர்தல் மேடையிலும் தீர்மானமாகிறது: 2024இல் 1,350 ரூபா, 2026 வரவு செலவுத் திட்ட அறிவிப்பில், அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு 1,750 ரூபா. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் 'அரைப் பேர்' போடும் பழக்கம் பற்றிய முறைப்பாடுகள் அப்படியே நிற்கின்றன. நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2021 இறுதியில் இலங்கைக்கு வந்தபோது மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலை பற்றிக் கவலை தெரிவித்தார். ஆனாலும் பிரசல்ஸில் இலங்கை பற்றிப் பேசப்படும்போது பயங்கரவாதத் தடைச் சட்டமும் போர்க்கால நீதியும் முன்னுக்கு வருகின்றன. அவை வர வேண்டியவையே. அவற்றைப் பேச பாரிஸிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வடகிழக்கிலிருந்து சென்ற புலம்பெயர் சமூகம் இருக்கிறது. மலையக மக்களுக்கு அங்கே அப்படியொரு ஊர்ச்சனம் இல்லை.

அறுந்துபோகும் சங்கிலி

சரி, சட்டம் சுருங்காமலே இருந்திருந்தாலும் ஊவாவின் தொழிலாளி அதை எப்படிப் பயன்படுத்தியிருப்பார்? தன் கொழுந்து எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று அவர் காட்ட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து தேயிலை, தோட்டத்தின் விற்பனைப் பெயரோடும் தரக் குறியோடும் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் இணையவழியில் நடக்கிறது. எந்தத் தோட்டத்தின் எந்தத் தொகுதியை எந்த ஏற்றுமதியாளர் வாங்கினார் என்ற பதிவு அதுவரை இருக்கிறது. அதன் பிறகு கலவை. மடுல்சீமையும் டிக்கோயாவும், சில சமயம் வெளிநாட்டுத் தேயிலையும் ஒரே பெட்டிக்குள் கலந்துவிடுகின்றன. ஹம்பர்க்கில் பெட்டியைத் திறப்பவருக்கு ஹாலிஎல என்ற பெயர் தெரிய வழியில்லை.

ஆனால் ஊவாவின் பருவகாலத் தேயிலை இதற்கு ஒரு விதிவிலக்கு. கலக்காமல், 'ஊவா' என்ற பெயரோடும் சில வேளை தோட்டத்தின் பெயரோடும் விற்கப்படுவதுதான் அதன் விலைக்கே காரணம். ஐரோப்பியக் கடைத்தட்டில் ஊவாத் தோட்டமொன்றின் பெயர் அச்சிட்ட பொதி இருந்தால், சங்கிலியின் இரண்டு முனைகளும் கையில் இருக்கின்றன என்று அர்த்தம். ஜேர்மன் சட்டத்தையும் தளர்த்த அந்நாட்டு அரசாங்கம் முயன்றுகொண்டிருக்கிறது. இருக்கும்வரை முறைப்பாட்டு வழி இருக்கிறது. பதுளையிலுள்ள ஒரு தொழிற்சங்கக் காரியாலயம் ஏலப் பதிவுகளையும் கடைப் பொதிகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரிக்க, ஒரு கணினியும் ஐரோப்பாவிலுள்ள ஒரு நட்பு அமைப்பும் போதும். அடுத்த ஊவாப் பருவம் ஜூலையில் தொடங்கும்.