மூளை ஆபரேஷனும் மரப்பு ஊசியும்

ஆரப்பாளையத்தில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: ஈறில் ஊசி போட்டதும் பாதி முகம் மரத்துவிடும், நினைவு மட்டும் தப்பாது. மூளை ஆபரேஷனிலும் இதே வித்தை உண்டு என்றால் நம்பத் தயக்கமாகத்தான் இருக்கும்.

மூளைக்கு வலி தெரியாது. வலியெல்லாம் தலைத்தோலிலும் மூளையைச் சுற்றிய உறையிலும்தான். 1884-இல் கார்ல் கோலர் கொக்கெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார். மரப்பு மருந்தின் கதை அங்கே தொடங்குகிறது. 1934-இல் மாண்ட்ரியலில் நரம்பியல் நிலையம் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளுக்குத் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென வார்த்தை வராமல் திணறினால், அந்த இடத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் பேச்சே போய்விடும்.

அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி.

இப்போது நெற்றி, நெற்றிப்பொட்டு, காதோரம், பிடரி என்று பக்கத்துக்கு ஆறு நரம்புகளைத் தேடி ஊசி போடுகிறார்கள். முழு மயக்கம் கொடுக்கும்போதும் இதைச் சேர்ப்பதுண்டு. தலையை அசையாமல் பிடிக்கும் கிளாம்பின் முள் தோலில் இறங்கும்போது ரத்த அழுத்தம் எகிறுவது குறையும். கண் விழித்தபின்னும் சில மணி நேரம் தையல் வலி அடங்கியிருக்கும்.