ஒரு லட்சம் ரூபாய்க்குப் போன இடிபாடுகள்

இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1821ல் இறந்தார். சுவடிகள், கல்வெட்டுப் படிகள், நாணயங்கள், கூடவே பழைய கோயில்கள், இடிபாடுகளின் நீர்வண்ண ஓவியங்கள்... இவைதான் அவர் விட்டுச்சென்ற சொத்து. எல்லாவற்றையும் அவர் மனைவி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். விலை ஒரு லட்சம் ரூபாய்!

பெரிய தொகைதான். ஆனால் சேர்க்க மெக்கன்சி தன் கைக்காசையும் நிறைய இறைத்திருந்தார். லாபமா நஷ்டமா என்று கணக்குப் போடுவதற்கு முன் அமராவதியைப் பார்ப்போம்.

கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபி அது. ஊர் ஜமீன்தார் கட்டட வேலைக்கு அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1816ல் மெக்கன்சி ஆட்களோடு போய்ச் சிற்பங்களை வரைய வைத்தார். 1845ல் வால்டர் எலியட் அங்கே தோண்டியபோது அவற்றில் பல கற்கள் காணாமல் போயிருந்தன. அவற்றுக்கு இன்று அந்த ஓவியம் மட்டுமே சாட்சி. அதுவும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில்!

மெக்கன்சிக்காக ஊர் ஊராக அலைந்து தகவல் திரட்டியவர்கள் காவலி சகோதரர்கள். அவர்களில் லட்சுமய்யா, விட்ட பணியைத் தானே தொடர்வதாகக் கேட்டார். கல்கத்தா ஆசியக் கழகம் மறுத்துவிட்டது. ஓர் இந்தியரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

எலியட் எடுத்த கற்களில் ஒரு பகுதி கப்பலேறியது. மீதியைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.