கங்காணி என்றே பாடுங்கள்

தோட்டத்துப் பாட்டை மேடையில் பாடும் பிள்ளைகள் 'கங்காணி'யைக் 'கண்காணி' என்று திருத்திப் பாடும்போது எனக்கு மனம் வருந்துகிறது. கண்காணி பழுதில்லாத சொல்தான். சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வை செய்தோருக்கு அந்தப் பெயர் உண்டு. திருமந்திரம் எங்கும் நிறைந்து நம்மைப் பார்த்திருக்கும் இறைவனையே அப்படி அழைக்கிறது. ஆனால் ஊரில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றி வந்து, மலையில் வேலை வாங்கியவர் கங்காணி.

இந்த மாற்றம் கொச்சை அன்று. அடிநாவில் பிறக்கும் ககரம், முன்னால் நின்ற ணகரத்தையும் தன்னிடத்துக்கு இழுத்து ஙகரமாக்கிக்கொண்டது. வெள்ளைக்காரத் தொரைமார் தங்கள் எழுத்தில் குறித்துவைத்ததும் இந்த ஙகர உச்சரிப்பையே. அவர்கள் காதில் விழுந்தது உழைத்தவர்களின் பேச்சு. அகராதியை அவர்கள் புரட்டவில்லை.

கேமரன் மலையின் கோலா தெர்லாவும் அதே வழியில் வந்த பெயர்தான். தெர்லா ஆறு போய்க் கலக்குமிடம் என்பது பொருள். மலாய்க்காரர் 'குவாலா' என்பதை நம்மவர் வாய் 'கோலா' ஆக்கியது. அதை யாரும் திருத்துவதில்லை.

இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளின் உலக மந்தத்தில் மலாயாத் தோட்டங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பின. 1938இல் இந்திய அரசு, உதவி கொடுத்துக் கூலிகளை அனுப்பும் முறையையே தடைசெய்தது. ஆள் கட்டி வரும் கங்காணிக்கு இங்கே கிடைத்த காலம் பத்தாண்டுகூட இல்லை. வேலை வாங்கும் கங்காணி மட்டும் அதன் பிறகும் நெடுநாள் இருந்தார். பாட்டில் ஏச்சும் கெஞ்சலுமாக வருபவர் பெரும்பாலும் இவரே.

பாடுவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எதுகையை. இரண்டு வடிவமும் ஒரே அளவு என்பதால் தாளம் இடறாது. ஆனால் அடுத்த அடி 'வெங்காயம்' என்றோ 'தங்கச்சி' என்றோ தொடங்கினால், 'கண்காணி' அங்கே ஒட்டாது. 'கொளுந்து', 'தொரை' என்பவற்றையும் ஏட்டுத் தமிழாக்கினால் பாடுபவர் கூடையைச் சுமந்த பெண்ணாக இல்லாமல் வாத்தியாராகிவிடுகிறார்.

ஸ்காட்லாந்திலும் இதே கவலை உண்டு. ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதியனுப்பிய 'ஆல்ட் லாங் சைன்' உலகமெங்கும் ஆண்டு முடிவில் பாடப்படுகிறது. கடைசிச் சொல்லின் முதலொலியைப் பலரும் வண்டு இரைவதுபோல் பாடுகிறார்கள். அது வெறும் ஸகரம்தான் என்று அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமது தோட்டங்களை நடத்திய தொரைமாரிலும் ஸ்காட்லாந்துக்காரர் பலர் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டுக்கு உள்ள காவல் நம் பாட்டுக்கும் வேண்டும்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழ்ப் பாட்டு மலையை விட்டுப் பள்ளி மேடைக்கு வந்துவிட்டது. போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களே, பாட்டைத் தாளில் எழுதிக் கொடுக்கும்போது பாட்டிமார் வாயில் இருந்தபடியே எழுதிக் கொடுங்கள். நடுவர்களே, அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.