சுரங்க விளக்கு

நீராவி இயந்திரத்தையும் புகைவண்டியையும் வியந்து போற்றும் நாம், அவற்றுக்கு இரையாகிய நிலக்கரியை வெட்டியெடுத்த மக்களை எளிதில் மறந்துவிடுகிறோம். 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், வடகிழக்கு இங்கிலாந்திலே, நியூகாசில் நகருக்கு அண்மையிலுள்ள பெல்லிங் சுரங்கம் வெடித்தது. மாண்டவர் 92 பேர். அவர்களுட் பலர் சிறுவர்.

நிலக்கரிப் படைகளிடையே மெதேன் என்னும் வாயு அடைபட்டுக் கிடக்கும். கரியை வெட்டும்போது அது வெளிப்பட்டுக் காற்றோடு கலக்கும். அக்கலவையில் ஒரு மெழுகுதிரிச் சுடர் பட்டாற் போதும். ஆயினும், வெளிச்சமின்றி வேலை செய்வது எங்ஙனம்? எஃகுச் சக்கரத்தைச் சுழற்றித் தீக்கல்லோடு உரசி, அதன் பொறியொளியிலே சிலகாலம் வெட்டிப் பார்த்தனர். அப்பொறியும் வெடிப்பை விளைத்தது.

1815இல், சுரங்க விபத்துகளைத் தடுக்கவெனச் சண்டர்லாந்தில் அமைந்த சங்கத்தினர், புகழ்பெற்ற இரசாயன அறிஞர் சேர் ஹம்பிறி டேவியின் உதவியை நாடினர். ஒடுங்கிய குழாய்களினூடே சுடர் பரவுவதில்லை என்பதை டேவி பரிசோதனையிற் கண்டார். உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிட, அப்பாலுள்ள வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. அவ்வாறாயின், நெருங்கிய கண்களையுடைய கம்பிவலையொன்றாற் சுடரைச் சூழ்ந்தாலென்ன? வலையினூடே காற்றுப் புகும், ஒளி வெளியே வரும், சுடரோ வெளியேறாது. வாயு மிகும்போது சுடரின்மேல் நீலநிற முடியொன்று தோன்றி எச்சரிக்கவும் செய்தது. இத்துணை எளிய கருவிக்குள் இத்துணை நுட்பம் அடங்கியதை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகிறது. டேவி இதற்கு ஆக்கவுரிமை பெறவும் மறுத்துவிட்டார்.

ஆனால், டேவி தம் ஆராய்ச்சியை றோயல் சங்கத்தின் முன் வெளியிட்டது 1815 நவம்பரில். அதற்கு முந்திய ஒக்டோபரிலேயே, கில்லிங்வேர்த் சுரங்கத்தின் இயந்திரப் பொறுப்பாளர் ஒருவர், தாம் செய்த விளக்கை ஏற்றிக்கொண்டு வாயு பீறிடும் இடத்துக்கே சென்று சோதித்துவிட்டார். பதினெட்டு வயதுவரை எழுத்தறியாதிருந்த அவர், பின்னாளிற் புகையிரதப் பாதைகளாற் புகழடைந்த ஜோர்ஜ் ஸ்ரீபன்சன். அவருடைய விளக்கிற் கண்ணாடிக் குழல் இருந்தது. சிறு துளைகளின் வழியே காற்றுப் புகுந்தது.

இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் முடிபு. டேவியோ, இத்தகைய ஒருவர் தாமாகவே இதனைக் கண்டிருத்தல் கூடும் என்பதை 1829இல் இறக்கும்வரை ஒப்பவில்லை. அறிவிற் பெரியவருக்கு இஃது அழகன்று. சுரங்க உடைமையாளர் டேவிக்கு வெள்ளிக் கலங்களைப் பரிசளித்தனர். ஸ்ரீபன்சனின் அன்பர்கள் அவருக்கு 1000 பவுண் திரட்டினர். அவ்வெள்ளி பிற்காலத்தில் உருக்கப்பட்டு, 1877 முதல் வழங்கப்பட்டுவரும் டேவி பதக்கத்துக்கு மூலதனமாயிற்று.

சுரங்கத் தொழிலாளர் பெற்றது யாது? விளக்கு வந்தபின் சாவு குறையவில்லை என்பதை 1835இற் பாராளுமன்றக் குழுவொன்று கண்டது. வாயு மிகுதியென முன்னர்க் கைவிடப்பட்ட பகுதிகளை உடைமையாளர் மீண்டும் திறந்தனர். காற்றோட்டத்தைச் சீர்செய்வதினும் விளக்கொன்றைக் கையிற் கொடுப்பது மலிவாயிருந்தது. வலை துருப்பிடித்தாலும், காற்று விசையாக வீசினாலும், சுடர் வெளியே பாய்ந்தது. வலையினூடே வந்த ஒளியோ மிக மங்கல். வெட்டிய கரியின் அளவுக்கே கூலி பெற்றவர்கள், கண் தெரியவேண்டி வலையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ததும் உண்டு.